மனச்சுமைக்கு ஒரு கொப்பி

மனத்தை அரிக்கும் ஒரு பிரச்சினையைத் தனக்காக மட்டும் எழுதிப் பார்ப்பது டயரிப் பழக்கத்தின் ஒரு தனிக் கிளை. காலையில் எத்தனை மணிக்கு எழும்பியது, கடைக்கு எவ்வளவு கொடுத்தது என்று குறித்து வைக்கும் டயரி வேறு. இங்கே எழுதப்படுவது, யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்று. நடந்தது என்ன, அப்போது மனம் பட்ட பாடு என்ன, அது ஏன் அப்படி ஆயிற்று என்ற மூன்றும் ஒரே இருப்பில் தாளுக்கு வரவேண்டும். அதற்கு ஓர் அப்பியாசக் கொப்பி, ஒரு பேனை, கால் மணி நேரம், குறுக்கே யாரும் வராத ஒரு மூலை இருந்தால் போதும். கண்டி நகரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கடைசியாகச் சொன்ன அந்த மூலைதான் பலருக்குக் கிடைப்பதில்லை.

தலைக்குள் சுழலும் கவலைக்கு முதலும் கிடையாது, முடிவும் கிடையாது. இரவு ஒரு மணிக்கு விழிப்பு வந்தால் கடன் நினைவுக்கு வரும். கடனிலிருந்து மகளின் பள்ளிக்கூடம், அங்கிருந்து மூன்று வருடத்துக்கு முன் மைத்துனர் சொன்ன ஒரு சொல், அந்தச் சொல்லிலிருந்து மறுபடியும் கடன். விடியும்வரை சுற்றினாலும் ஓரடி நகர்ந்திருக்காது. எழுதும்போது இப்படிச் சுற்ற முடியாது. ஒரு வாக்கியத்தை முடித்தால்தான் அடுத்ததைத் தொடங்கலாம். எழுதியதையே திரும்பத் திரும்ப எழுதக் கைக்கு அலுப்பு வரும். அதனால் மனம் பின்வாங்கினாலும் கதை முன்னே போய்விடுகிறது.

இதில் முதற்படி, உள்ளே கிடப்பதற்குப் பெயர் வைப்பது. கண்டி வாவிக்கு மேலே, உடவத்தகலேக் காட்டுக்குள் இருந்த ஆசிரமத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவர் ஜெர்மனியில் பிறந்த பௌத்த பிக்கு ஞானபோனிக தேரர் (1901–1994). 1958ல் கண்டியில் பௌத்த வெளியீட்டுச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். மனவிழிப்புக்கு எங்கிருந்து வலிமை வருகிறது என்று ஆராய்ந்து எழுதியபோது, மனத்துக்குள் சிதறிக் கிடப்பதை ஒழுங்கு செய்வதையும் அதற்குப் பெயரிடுவதையுமே அவர் முதலில் வைத்தார். அவர் பேசியது தியானத்தைப் பற்றி. கொப்பியைப் பற்றி அல்ல. ஆனால் உண்மை இரண்டுக்கும் ஒன்றுதான். 'என்னவோ போல இருக்கிறது' என்பதோடு நிற்கும்வரை அந்த 'என்னவோ' ஆளை ஆட்டிப் படைக்கும். அது பொறாமையா, அவமானமா, பயமா என்று கண்டு ஒரு சொல்லால் குறித்த பிறகு அதன் பிடி கொஞ்சம் தளர்கிறது. 2007ல் கலிபோர்னியாவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் மத்தியூ லீபர்மனும் அவர் குழுவினரும் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். உணர்ச்சி பொங்கும் முகப்படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்கு உரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்புக் குறைந்திருந்தது.

பெரும் துன்பத்தை எழுத்தில் இறக்கியவர்களைத் தேடினால், கண்டியின் வரலாற்றில் முதலில் நிற்பவர் ரொபட் நொக்ஸ். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் 'ஆன்' என்ற கப்பல் புயலில் பாய்மரம் ஒடிந்து, பழுது பார்ப்பதற்காகத் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660 ஏப்ரலில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பலின் தலைவரையும் அவருடைய மகனையும் மாலுமிகள் சிலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த மகன்தான் நொக்ஸ். அப்போது அவருக்கு வயது 19. பத்தொன்பது வருடங்கள் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்தார். கடைசி ஆண்டுகளைக் கண்டிக்குத் தென்மேற்கே உடுநுவரப் பக்கமுள்ள எலதெத்த கிராமத்தில் கழித்தார். தொப்பி பின்னி விற்றும் நெல்லைக் கடன் கொடுத்தும் பிழைத்தார். 1679ல் தோழர் ஒருவருடன் காட்டுவழியே நடந்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார். ஊர் திரும்பும் கப்பலில், நினைவிலிருந்தவற்றைக் கொண்டே எழுத உட்கார்ந்தார். 1681ல் இலண்டனில் அச்சான அந்த நூலை இலங்கை வரலாற்று மாணவர் எல்லோரும் அறிவர்.

வரலாற்று மாணவர் அதில் அரசன், வேளாண்மை, சாதி, சட்டம் பற்றிய செய்திகளைத் தேடுவார்கள். மனச்சுமையைப் பற்றி யோசிப்பவர் தந்தையின் மரணத்தைச் சொல்லும் பக்கங்களைப் படிக்கவேண்டும். இன்றைய குருநாகல் மாவட்டத்திலுள்ள பண்டார கொஸ்வத்தவில் தந்தையும் மகனும் காய்ச்சலில் கிடந்தார்கள். 1661 பெப்ரவரி 9ஆம் திகதி தந்தை இறந்தார். உடலைத் தூக்க உதவி கேட்டபோது ஊரார் மாடு கட்டும் கயிறு ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள், கழுத்தில் கட்டிக் காட்டுக்குள் இழுத்துப் போகலாம் என்று. எழுந்து நிற்கவும் வலுவில்லாத மகன் அதற்கு உடன்படவில்லை. கூலிக்கு ஆள் பிடித்துத் தூக்கிச் சென்று முறையாகப் புதைத்தார். திகதி, கயிறு, கூலி, தன் உடல் நிலை, தன் கலக்கம் எல்லாம் அந்த எழுத்தில் ஒன்றாக நிற்கின்றன. இருபது வருடம் ஓடிய பிறகும் ஒன்றும் நழுவவில்லை. நூல் வந்த பின்னும் அவர் ஓயவில்லை. அச்சான பிரதி ஒன்றின் பக்கங்களுக்கிடையே வெற்றுத்தாள்களைச் சேர்த்துக் கட்டுவித்து, பல ஆண்டுகள் அவற்றில் எழுதிக்கொண்டே இருந்தார். 1720ல் அவர் இறந்து ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு கழித்து, 1911லேயே அந்தக் குறிப்புகள் அச்சேறின. தன்னை விடாத ஒன்றை ஒருவர் எத்தனை காலம் எழுதித் தீர்க்கவேண்டியிருக்கிறது என்பதற்கு அந்த வெற்றுத்தாள்களே சாட்சி.

நடந்ததையும் பட்டதையும் சேர்த்து எழுதுவதால் உண்மையிலேயே பயன் உண்டா என்பதைச் சோதித்துப் பார்த்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர். அவரும் சான்ட்ரா பீல் என்பவரும் 1986ல் வெளியிட்ட ஆய்வில் 46 கல்லூரி மாணவர்கள் கலந்துகொண்டார்கள். தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதவேண்டும். சிலர் சாதாரண விடயங்களை எழுதினார்கள். சிலர் தம் வாழ்வின் மிகப் பெரிய துயரத்தைப் பற்றி உணர்ச்சியை மட்டும், சிலர் சம்பவத்தை மட்டும், சிலர் இரண்டையும் சேர்த்து எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு பார்த்தால் துயரத்தை எழுதியவர்கள் முன்னைவிட வாடிப்போயிருந்தார்கள். கண்ணீர் விட்டவர்களும் உண்டு. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் சம்பவத்தையும் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்களே மருத்துவ நிலையத்துக்குக் குறைவாகப் போனார்கள். வெறும் புலம்பலோ வெறும் அறிக்கையோ அந்தப் பலனைத் தரவில்லை.

பின்னர் பென்னபேக்கர் எழுதப்பட்ட பக்கங்களின் சொற்களையே எண்ணிப் பார்த்தார். அதிகம் தேறியவர்களின் எழுத்தில் நாள் செல்லச் செல்ல 'ஏனென்றால்', 'அதனால்', 'இப்போதுதான் புரிகிறது' போன்ற சொற்கள் கூடி வந்தன. முதல் நாளே எல்லாம் தெளிவாக எழுதியவர்களைவிட, குழப்பத்தில் தொடங்கி நான்காம் நாள் ஒரு கதையாக முடித்தவர்களுக்கே அதிகப் பயன் கிடைத்தது. 1999ல் ஜோசுவா ஸ்மித்தும் மற்றவர்களும் ஆஸ்துமாவோ முடக்குவாதமோ உள்ள 112 நோயாளர்களை மூன்று நாள் எழுதச் செய்தார்கள். நான்கு மாதத்தின் பின், துயரத்தை எழுதியவர்களில் 47 வீதத்தினருக்கு நோயில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்தது. சாதாரண விடயங்களை எழுதியவர்களில் 24 வீதத்தினருக்கே அப்படி இருந்தது.

தமிழுக்கு டயரி புதிதல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வரவு, விலைவாசி, போர், வழக்கு, சகுனம் என்று ஒரு காலமே அதில் இருக்கிறது. ஆனால் அது உலகத்தைப் பார்த்து எழுதியது. தன் நெஞ்சைப் பார்த்து உரைநடையில் எழுதும் வழக்கம் நம்மிடையே மெலிவாகவே இருந்திருக்கிறது. மனக்குறையைச் சொல்ல ஒப்பாரி இருந்தது, தாலாட்டு இருந்தது, கோயில் வாசல் இருந்தது.

மலையகத்தில் இந்த மெலிவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தோட்டத் தொழிலாளியின் பெயர் தாளில் ஏறியதெல்லாம் பிறர் கையால்தான். செக்றோல் என்ற பதிவேட்டில் கணக்கப்பிள்ளை எழுதினார். 'துண்டு' என்ற சீட்டில் தொழிலாளியின் கடன் எழுதப்பட்டது. அந்தக் கடனைத் தீர்க்க இன்னொரு தோட்டம் முன்வந்தால்தான் அவர் அங்கே மாறிப்போக முடியும். 1921ல் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது. 1948க்குப் பிறகு பிரஜாவுரிமைப் பத்திரம் இல்லாத குறையே பெரிய துயரமாயிற்று. எழுத்து என்றால் கடனும் கணக்கும் கச்சேரியும் என்று மூன்று நான்கு தலைமுறை பழகிய சமூகம் இது. அந்தச் சமூகத்தின் ஒரு பெண் தன் கையால், தன் பேச்சில், தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவது சிறிய காரியம் அல்ல.

அவளுக்கு இடம்தான் இல்லை. பழைய லயத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஐந்தாறு பேர் உறங்குகிறார்கள். இஸ்தோப்பில் உட்கார்ந்தால் பக்கத்துக் காம்பராக்காரர் 'என்னா எழுதுற?' என்று கேட்பார். பேராதனையில் படிக்கும் மாணவருக்கும் விடுதி அறையில் கூட்டாளிகள் உண்டு. கண்டியில் கடையில் நின்று, கடைக்கு மேலேயே படுக்கும் பையனுக்கும் அதே கதி. யாராவது எடுத்துப் படித்துவிடுவார்கள் என்ற பயத்தோடு எழுதினால் உண்மை வராது. எழுதுபவர் தன்னை நல்லவராகக் காட்டவே முயல்வார். இதற்கு ஒரு வழி இருக்கிறது. எழுதியதை வைத்திருக்கவே தேவையில்லை. பயன் எழுதும் வேலையில் இருக்கிறது, தாளில் இல்லை. பிள்ளையின் பழைய கொப்பியில் மிஞ்சிய பக்கங்களில் எழுதி, முடிந்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடலாம்.

எழுதவே சிரமப்படுபவர்களுக்கும் வழி அடைபடவில்லை. 2006ல் சோன்யா லூபொமிர்ஸ்கி குழுவினர் வெளியிட்ட ஆய்வுகளில், தம் மோசமான அனுபவத்தை எழுதியவர்களும் ஒலிப்பதிவுக் கருவியிடம் தனியே பேசியவர்களும் தேறினார்கள். அதையே மனத்துக்குள் நினைத்துப் பார்த்தவர்கள் அப்படித் தேறவில்லை. சொல்லாக வெளியே வரவேண்டும் என்பதுதான் விடயம்.

இந்த வேலை நடைமுறையில் எப்படிப் போகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக அமைத்துப் பார்க்கலாம். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு பெண். கணவர் சவூதியில். அவருக்குத் தெரியாமல் சிறுகடன் நிறுவனம் ஒன்றில் கடன் வாங்கிவிட்டாள். கிழமைக்கு ஒருமுறை கட்டவேண்டும். முதல் நாள் எழுதியது: 'எனக்குத்தான் எல்லாம் வருது. இனி ஒன்றும் சரிவராது.' இரண்டாம் நாள்: 'முதல் கடன் அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு. ரெண்டாவது கடன் முதல் கடனைக் கட்ட. அன்றைக்கே அவரிடம் சொல்லியிருந்தால் ஏசியிருப்பார், அவ்வளவுதான்.' மூன்றாம் நாள்: 'நான் கடனுக்குப் பயப்படவில்லை. என்னைக் கெட்டித்தனம் இல்லாதவள் என்று அவர் நினைப்பார் என்றுதான் பயந்தேன்.' நான்காம் நாள்: 'வெள்ளிக்கிழமை அவர் கோல் எடுக்கும்போது முதல் கடனைப் பற்றி மட்டும் சொல்வேன்.' கடனில் ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் முதல் நாளில் 'எல்லாம்' என்று இருந்தது நான்காம் நாளில் ஒரு தொலைபேசிப் பேச்சாகச் சுருங்கியிருக்கிறது. அதைச் செய்ய ஒரு ஆளால் முடியும்.

மூன்று அல்லது நான்கு நாள் தொடர்ந்து, ஒவ்வொரு நாளும் 15 முதல் 20 நிமிடம் என்பதே ஆய்வுகளில் அதிகம் சோதிக்கப்பட்ட அளவு. எழுத்துப்பிழை, வாக்கியப்பிழை பார்க்கக்கூடாது. பேனையைத் தாளிலிருந்து எடுக்காமல் எழுதவேண்டும்; ஒன்றும் தோன்றாவிட்டால் கடைசியாக எழுதியதையே மீண்டும் எழுதிக்கொண்டிருந்தால் அடுத்தது வரும். ஒரே பிரச்சினையை நான்கு நாளும் எழுதலாம். எழுதிய உடனே மனம் கனக்கும் என்பதால், படுக்கைக்குப் போகும் நேரத்தையும் வேலைக்குப் போகும் நேரத்தையும் ஒட்டி இதைச் செய்யாமல் இருப்பது நல்லது. படுக்கும் நேரத்துக்குப் பொருத்தமானது வேறொன்று: நாளைக்குச் செய்யவேண்டிய வேலைகளை ஐந்து நிமிடம் பட்டியலிடுவது. 2018ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், அப்படிப் பட்டியலிட்டவர்கள் முடிந்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாக உறங்கினார்கள்.

முடிவெடுக்க முடியாமல் தவிக்கும் பிரச்சினைக்கு இரு பத்தி முறை உதவும். தாளின் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் கெட்டது, மறுபக்கம் நல்லது. டானியல் டீபோவின் ரொபின்சன் குரூசோ (1719) தனித்தீவில் ஒதுங்கியபோது கடைக்காரர் வரவுசெலவு எழுதுவதுபோல இப்படித்தான் எழுதுகிறான். டீபோ நொக்ஸின் நூலைப் படித்தவர். 1720ல் வெளியிட்ட மற்றொரு நாவலில் நொக்ஸின் சிறைவாசத்தை நீளமாகவே எடுத்துச் சொல்கிறார். நட்டத்தில் இருக்கும் கடைக்கும் கணக்கு எழுதினால்தான் நட்டம் எவ்வளவு என்று தெரியும். மனத்துக்கும் அப்படியே.

எந்த மொழியில் எழுதுவது? தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் ஒரே நாளில் பேசும் கண்டிக்காரருக்கு இது பொருத்தமான கேள்வி. பன்மொழி பேசுபவர்களிடம் நடந்த ஆய்வுகளில், தாய்மொழியின் உணர்ச்சிச் சொற்களே ஆழமாகத் தைப்பதாகப் பெரும்பாலோர் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே உள்ளதை வெளியே கொண்டுவர வீட்டில் பேசும் தமிழே சிறந்தது. மேடைத் தமிழ் அல்ல. தைப்பது தாங்கமுடியாமல் போனால் வேறு மொழியில் எழுதிச் சற்று விலகி நிற்கலாம். 'நான்' என்று எழுதாமல் தன் பெயரைச் சொல்லி, இன்னொருவரைப் பற்றிப் பேசுவதுபோல எழுதுவதும் அதே விலகலைத் தரும். ஈதன் குரொஸ் என்ற உளவியலாளரின் ஆய்வுகள், இப்படித் தன் பெயரால் தன்னோடு பேசுபவர்களுக்குப் பதற்றம் குறைவதைக் காட்டியிருக்கின்றன.

நீண்ட உரைநடைதான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஹோ சி மின் 1942–43ல் தென்சீனச் சிறைகளில் கிடந்தபோது எழுதியவை சின்னஞ்சிறு கவிதைகள். சோறு, விலங்கு, குளிர், பக்கத்துக் கைதி என்று கண்முன் இருந்தவையே அவற்றின் பொருள். அந்தச் சிறைக் குறிப்புகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் கண்டிக்கு அருகே தலாத்துஓயாவைச் சேர்ந்த எழுத்தாளர் கே. கணேஷ் (1920–2004). நான்கு வரிக்கு மேல் பேனை ஓடாதவர்கள் அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். இறந்துபோன தந்தைக்கோ பேச்சை முறித்துக்கொண்ட அண்ணனுக்கோ அனுப்பாத கடிதமாகவும் எழுதலாம்.

இந்த முறையின் எல்லையையும் நேராகச் சொல்லவேண்டும். 2006ல் ஜோவான் பிரட்டரோலி 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பலன் உண்மையானது, ஆனால் சிறியது என்பதே முடிவாக வந்தது. சிலருக்கு இது தீங்கும் செய்யும். அண்மையில் மணமுறிவு கண்டவர்களிடம் டேவிட் ஸ்பாரா குழுவினர் நடத்தி 2013ல் வெளியிட்ட ஆய்வில், நடந்ததையே அசைபோட்டுக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்கள் உணர்ச்சியை எழுதியதால் இன்னும் மோசமானார்கள். அன்றாட வேலைகளை எழுதிய அத்தகையவர்களே அவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். மூன்று நான்கு நாள் எழுதிய பிறகும் அதே வாக்கியங்களே திரும்பி வந்தால் நிறுத்திவிடவேண்டும். புண் பச்சையாக இருக்கும்போது, சாவு நடந்த வாரத்திலோ மண்சரிவு நடந்த மறுநாளிலோ, யாரையும் எழுது என்று வற்புறுத்தக்கூடாது. ஒன்றை எழுதினால் தாங்கமாட்டேன் என்று மனம் சொன்னால் அதை எழுதாமல் விடுவதே சரி என்று பென்னபேக்கரே சொல்கிறார். வீட்டில் அடி உதை நடந்தால் அதற்குத் தேவை பாதுகாப்பு. சம்பளம் வராவிட்டால் தேவை சம்பளம். இவற்றைக் கொப்பி தந்துவிடாது.

உயிரை விடத் தோன்றினால் எழுதிக்கொண்டிருக்கும் நேரம் அல்ல அது. 1995ல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்ட பின் அந்த எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. அந்தக் கணத்தைக் கடக்க வைத்தால் உயிர் தப்புகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டமும் 1998ல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்கப் பயப்படத் தேவையில்லை. கண்டி, பேராதனை அரச ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவுகள் உண்டு. 1974ல் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பு மனம் நொந்தவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். எதிர்முனையில் குரல் கேட்டதும் நா எழாவிட்டால், கொப்பியில் எழுதி வைத்ததை அப்படியே வாசியுங்கள்.